பிள்ளையை அறியாத கல்வி

(மட்டக்களப்பில் ஆசிரியர்களும் வேளாண்மைக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிப் பேச வந்தவன் நெல்லைப் பற்றித் தொடங்குவதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் வயலிலிருந்து நேரே வந்தவர்கள். அவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினால், எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றுக்கு எளிதாகப் போய்ச் சேரலாம் என்பது என் எண்ணம்.

குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையிலே 1952ஆம் ஆண்டில் நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கு பிறந்த நெல்லினங்கள் இந்நாட்டின் விளைச்சலை உயர்த்தின. அதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், பத்தலகொடையில் நன்றாக விளைந்தது என்ற ஒரே காரணத்துக்காக உங்களில் யாராவது தம் வட்டை முழுவதிலும் புதிய இனத்தை விதைப்பாரா? முதலில் ஒரு துண்டில் இட்டுப் பார்ப்பார். மண் களியா மணலா, உவர் ஏறுமா, வெள்ளம் எத்தனை நாள் நிற்கும், பூச்சி எப்பொழுது வரும் என்று பார்ப்பார். ஆராய்ச்சியாளரும் இதை அறிவார்கள். அதனாலேதான் சம்மாந்துறையிலும் பரந்தனிலும் அந்தந்த மண்ணிலேயே நெல்லைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

நெல்லுக்கு நாம் கொடுக்கும் இந்த மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோமா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி. பாடத்திட்டம் ஓரிடத்தில் வகுக்கப்படுகிறது. புத்தகம் ஓரிடத்தில் அச்சாகிறது. பரீட்சை ஓரிடத்தில் தயாராகிறது. அது வாகரைக்கும் வருகிறது, வெல்லாவெளிக்கும் வருகிறது, காத்தான்குடிக்கும் வருகிறது, பொத்துவிலுக்கும் வருகிறது. இந்த மண்ணில் அது முளைக்குமா என்று ஒரு துண்டு நிலத்திலேனும் சோதித்துப் பார்த்தவர் உண்டா? பிள்ளை சித்தியடையாவிட்டால் பிள்ளைமேல் குற்றம், பெற்றார்மேல் குற்றம், ஆசிரியர்மேல் குற்றம். விதையை ஆராய்ந்தோமா, நிலத்தை ஆராய்ந்தோமா என்று கேட்பாரில்லை.

நம் மாகாணத்தின் இயல்பு

கிழக்கு மாகாணத்தைப் போல் பல பண்பாடுகள் நெருங்கி வாழும் பகுதி இத்தீவிலே வேறில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழப் பதினைந்தரை இலட்சம் பேர். அவர்களில் இலங்கைத் தமிழர் நூற்றுக்கு 39 அளவினர். முஸ்லிம்கள் நூற்றுக்கு 37 அளவினர். சிங்களவர் நூற்றுக்கு 23 அளவினர். இவர்களோடு மட்டுநகரில் பறங்கியர் இருக்கின்றனர். வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கங்களிலே தமிழைப் பேச்சுமொழியாகக் கொண்ட கரையோர வேடர் இருக்கின்றனர். ஆக, நான்கில் மூன்று பங்கினர் தமிழ் பேசும் மக்கள். மொழி ஒன்று, சமயமும் வழக்கமும் வாழ்க்கை முறையும் பல.

இந்த வேறுபாடுகள் பிள்ளையின் வாயிலேயே ஒலிக்கின்றன. ஒரு பிள்ளை அப்பா என்கிறது. மற்றப் பிள்ளை வாப்பா என்கிறது. படுவான்கரைப் பிள்ளைக்கு வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெற்பயிர். புத்தகத்திலோ அது விவசாயம் முழுவதற்கும் பெயர். களத்திலே சூடு போடுவதைக் கண்ட பிள்ளை, சூடு என்றதும் நெற்போரை நினைக்கும். வெப்பம் என்று விடை எழுதாவிட்டால் புள்ளி குறையும். முஸ்லிம் பிள்ளை ஆறு வயதிலே குர்ஆன் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக அரபெழுத்தை வாசிக்கவும், பாடசாலையில் இடமிருந்து வலமாகத் தமிழெழுத்தை வாசிக்கவும் பழகிக்கொள்கிறது. பெரியவர்களுக்கே கடினமான இக்காரியத்தைச் சின்னஞ்சிறு பிள்ளை செய்து முடிக்கிறது. அதை ஒரு திறமையாகக் கணக்கில் எடுத்த பாடத்திட்டத்தை நான் கண்டதில்லை.

பண்பாடு பலவாக இருப்பதைக் கல்விக்கு இடையூறென்று சிலர் பேசுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. எல்லா வயலையும் ஒரே வயலென்று எண்ணி விதைப்பதுதான் இடையூறு.

முன்னோர் செய்த சோதனைகள்

கல்வியிலே சோதனை என்பது நமக்குப் புதிதன்று. 1814ஆம் ஆண்டிலேயே மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பிலே பாடசாலை தொடங்கினார். யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலே விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. அவ்விடையை மறந்தவர்கள் நாம்தாம்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர். பெளதிகம் கற்றவர்; தமிழிசையை ஆராய்ந்து யாழ் நூல் தந்தவர். அவர் கிராமத்துப் பிள்ளையைத் தேடிப் போனார். பிள்ளை தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

1942இல் கல்முனையிலே அரசாங்க அதிகாரியாகப் பணியாற்றிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கல்வி நிலையைக் கண்டு மனம் வருந்தி, அதற்கென ஒரு சங்கத்தையும் கல்முனையில் தோற்றுவித்தார். பிற்காலத்திலே கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபராகவும் விளங்கினார். ஒரு சைவத் துறவியும் ஒரு முஸ்லிம் அறிஞரும் ஒரே மண்ணிலே, ஒரே மொழியிலே, ஒரே நோயைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு இடையிலே அறுந்துபோனமைதான் நம் துயரம்.

சரியான கொள்கை, பாதி வேலை

1943இல் வெளியான கன்னங்கரா அறிக்கை இந்நாட்டின் கல்வி வரலாற்றிலே ஒரு மைல்கல். 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. முந்திய ஆண்டு, 1944இல், அரசாங்க சபையிலே சிங்களத்தை உத்தியோக மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்தபோது, தமிழும் சேர்க்கப்பட்டே அது நிறைவேறியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1956இல், 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரியணையில் ஏற்றிற்று. அதன் விளைவுகளை இங்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவற்றை அனுபவித்தவர்கள் இம்மண்டபத்திலே இருக்கிறார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியென்று ஏற்றது. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்தே அந்த ஒரு வசனம் எழுதப்பட்டது!

தாய்மொழிக் கல்வி சரியான கொள்கை. ஆனால் அதைச் செய்த முறையிலே ஒரு பெருங்குறை நேர்ந்தது. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில், சிங்களப் பிள்ளைக்குச் சிங்களத்தில் என்று பிரித்தவர்கள், ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் வழியைச் செம்மையாக அமைக்கவில்லை. இரண்டாம் தேசிய மொழி பாடத்திட்டத்திலே பின்னர் இடம்பெற்றது; கற்பிக்க ஆசிரியர் போதவில்லை. நேர அட்டவணையிலே பாடம் இருக்கும். வகுப்பறையிலே ஆசிரியர் இருக்கமாட்டார். அடுத்தடுத்த ஊர்களிலே பிறந்து, அடுத்தடுத்த பாடசாலைகளிலே படித்து, ஒருவரோடொருவர் பேச முடியாத இரு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன.

தமிழ் பேசும் மக்களுக்குள்ளும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று தனித்தனிச் சுவர்கள் எழுந்தன. தம் சமயத்துக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற பாடசாலையை ஒரு சமூகம் விரும்புவதில் தவறில்லை. ஆனால் 1990ஆம் ஆண்டின் கொடுமைகள் அந்தச் சுவரை மதிலாக்கின. இரு பக்கத்திலும் குருதி சிந்தியது. இரு பக்கத்திலும் பிள்ளைகள் அநாதைகளாயினர். அதன்பின் தமிழாசிரியர் முஸ்லிம் ஊருக்கும், முஸ்லிம் ஆசிரியர் தமிழ் ஊருக்கும் போகத் தயங்கினர். கணிதம் கற்பிக்க ஆளில்லாத பாடசாலைக்குச் சில கட்டை தூரத்திலே கணித ஆசிரியர் ஒருவர் இருப்பார். நடுவிலே அச்சம் இருக்கும்.

உலகம் ஆராய்ந்து கண்டவை

பல மொழிகளும் பல பண்பாடுகளும் நெருங்கி வாழும் பிற நாடுகளிலே கல்வியாளர் என்ன செய்தனர்? எனக்கு நன்கு தெரிந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸ் தீவுகளிலே இலோயிலோ என்ற பகுதியில் 1948 முதல் 1954 வரை ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் ஹொசே அகிலார் என்ற கல்வி அதிகாரி. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு முதலிரு வகுப்புகளிலே அவர்களின் தாய்மொழியாகிய ஹிலிகைனன் மொழியில் கற்பித்தனர். மறு பகுதியினருக்குத் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் கற்பித்தனர். தாய்மொழியில் தொடங்கியவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் சமூகக் கல்வியிலும் முந்தினர். மூன்றாம் வகுப்பிலே ஆங்கிலத்துக்கு மாறியபோது, மிகக் குறுகிய காலத்திலே மற்றவர்களை எட்டிப் பிடித்தனர்.

நைஜீரியாவிலே 1970இல் இவே நகரில் இன்னொரு சோதனை தொடங்கியது. பேராசிரியர் பாபதுண்டே பபுன்வா அதன் தலைவர். ஆரம்பக் கல்வியின் ஆறாண்டுகளும் யொரூபா மொழியிலேயே நடந்தன. ஆங்கிலம் ஒரு பாடமாக, அதற்கெனப் பயிற்றப்பட்ட ஆசிரியரால் கற்பிக்கப்பட்டது. பாடநூல்களைப் புதிதாக எழுதினார்கள். முடிவு என்ன? தாய்மொழியிலே படித்த பிள்ளைகள் ஏனைய பாடங்களில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை, முன்னேறி நின்றார்கள். அந்தப் பேராசிரியர் பிற்காலத்திலே தம் நாட்டின் கல்வி மந்திரியானார்.

கனடாவிலே மொன்றியல் நகருக்கு அருகே செயின்ற் லம்பேட் என்ற ஊரில் 1965இல் பெற்றார்களே முன்னின்று ஒரு சோதனையைத் தொடங்குவித்தனர். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைத் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சு மொழியிலே படிப்பித்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சைக் கற்றார்கள்; ஆங்கிலத்தை இழக்கவில்லை. தாய்மொழிதான் சிறந்தது என்றவர்களுக்கு இது மறுப்புப் போலத் தோன்றலாம். அதை ஆராய்ந்த வாலஸ் லம்பேட் என்ற உளவியலறிஞர் நல்ல விளக்கம் கொடுத்தார். வீட்டிலும் தெருவிலும் கந்தோரிலும் வலிமையோடு நிற்கும் மொழியைப் பேசும் பிள்ளைக்கு இரண்டாம் மொழி கூட்டலாகும். தன் மொழிக்கு வெளியிலே மதிப்பில்லாத பிள்ளைக்கோ, இரண்டாம் மொழி முதல் மொழியைத் தின்று கழித்தலாகும். கூட்டும் இருமொழி, கழிக்கும் இருமொழி என்று நாம் அதைச் சொல்லலாம்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. சிங்களப் பிள்ளை தமிழைக் கற்றால் அதன் சிங்களத்துக்கு எக்குறையும் வாராது. அதற்கு அஞ்சுவோர் ஆராய்ச்சியைப் படிக்காதவர்கள். தமிழ்ப் பிள்ளை சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்க வேண்டும். ஆனால் தமிழிலே அடித்தளம் இட்ட பிறகே கற்க வேண்டும்.

ரொறன்ரோவிலே குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் மற்றோர் உண்மையைக் கண்டார். பிள்ளை புதிய மொழியிலே பேசிப் பழக ஏறத்தாழ இரண்டாண்டு போதும். அம்மொழியிலே பாடங்களைச் சிந்தித்துப் படித்து எழுத ஐந்து முதல் ஏழாண்டு வேண்டும். இதைப் பெற்றார் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். நம்மவரிலே படித்து உத்தியோகம் பார்ப்போர் பலர், ஆங்கிலத்திலே நாலு வார்த்தை தட்டாமல் பேசுகிறான் என்று மகனைப் பற்றி மகிழ்கிறார்கள். அந்த மகனிடம் விஞ்ஞானப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதன் பொருளை ஆங்கிலத்திலோ தமிழிலோ சொல்லச் சொல்லுங்கள். இரண்டிலும் சொல்ல முடியாத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

எதிர்த்தரப்பின் சான்றையும் மறைக்கக் கூடாது. பிலிப்பைன்ஸிலேயே றிஸால் மாகாணத்தில் 1960களில் நடந்த சோதனையில், தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் படித்தவர்களே ஆங்கிலத்தில் சிறந்து நின்றனர். அதே நாட்டிலே 2009இல் கல்வித் திணைக்களம் தாய்மொழிக் கல்வியை ஏற்றது. 2024இல் வந்த ஒரு சட்டம் அதன் கட்டாயத்தை நீக்கிவிட்டது. எத்தனையோ மொழிகள் வழங்கும் அந்நாட்டிலே ஒவ்வொரு மொழிக்கும் புத்தகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் தேடுவது எளிதாக இருக்கவில்லை. கொள்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. நல்ல விதை கிடைத்ததென்று, தண்ணீர் பாய்ச்சாமலும் பசளை இடாமலும் பயிர் விளைவதில்லை.

யுனெஸ்கோ தாபனம் 1953இல் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தி வெளியிட்ட அறிக்கையை நம் தலைவர்கள் மேடைகளிலே எடுத்துக் காட்டினார்கள். காட்டியது நன்று. ஆனால் இவேயிலும் இலோயிலோவிலும் செய்ததைப் போல, நம் பிள்ளைகளை நம் மண்ணிலே வைத்து ஆண்டாண்டாகத் தொடர்ந்து ஆராயும் வேலையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பிறர் கணக்கை வைத்து நாம் வாதாடினோம்.

படுவான்கரையிலே ஒரு வகுப்பு

சில ஆண்டுகளுக்கு முன் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு சிறு பாடசாலைக்குப் போயிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். ஒரே மண்டபத்திலே மூன்று வகுப்புகள், ஓர் ஆசிரியை. மாசி மாதம். வரவுப் பதிவிலே பாதிப் பெயர்களுக்கு எதிரே வராதோர் குறி இருந்தது. மேலதிகாரிக்கு அனுப்பிய அறிக்கையிலே பெற்றார் அக்கறையின்மை என்று காரணம் எழுதப்பட்டிருந்தது.

ஆசிரியையிடம் கேட்டேன். "ஐயா, இது மாரிப்போக வேளாண்மை வெட்டுங் காலம். தாய் தகப்பன் வாடிக்குப் போனால் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவார்கள்? யானை வரும் ஊரிலே பிள்ளையைத் தனியாக வீட்டில் விடலாமா?" என்று அவர் சொன்னார். அந்த அம்மையார் ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் எத்தனை நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று மூன்றாண்டுகளாக எழுதி வைத்திருந்தார். விதைப்புக் காலம், காவற்காலம், வெட்டுக் காலம் என்று அக்கொப்பியிலே பிள்ளைகளின் ஆண்டு முழுவதும் தெரிந்தது. யாராவது இதைக் கேட்டார்களா என்றேன். "ஒருவரும் கேட்கவில்லை, ஐயா" என்றார்.

அந்தக் கொப்பிதான் கல்வி ஆராய்ச்சி. அதற்குக் கட்டடம் வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பணம் வேண்டியதில்லை. வேண்டியது கேட்கும் காது ஒன்றுதான். அது மட்டும் மேலே இருக்கவில்லை.

பத்து நாள் விடுமுறையை வெட்டுக் காலத்துக்கு மாற்றினால் என்ன? வாடிப் பிள்ளைகளுக்கு மாலையிலே வயல்வெளியிலேயே ஒரு வகுப்பு நடத்தினால் என்ன? அதனால் வரவு உயருகிறதா என்று இரண்டு பாடசாலைகளிலே சோதித்துப் பார்த்தால் என்ன? உயர்ந்தால் இருபது பாடசாலைகளுக்கு விரிக்கலாம், உயராவிட்டால் விட்டுவிடலாம். நெல்லிலே இதைத்தானே செய்கிறோம்?

நம் குற்றமும் உண்டு

பிறரைக் குறை சொல்லுவது எளிது. 1971இல் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் நம் வீட்டுக்குள்ளே நாம் இழைத்த அநீதிகளையும் நினைக்க வேண்டும். 1929, 1930ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்ற விதி வந்தபோது, அதை எதிர்த்தவர்கள் நம்மவரே. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தாழ்த்தப்பட்ட பிள்ளை தரையிலே இருந்தால் கல்வி கெடாது, வாங்கிலே இருந்தால் கெடும் என்று நம்பிய சமூகம், உரிமையைப் பற்றிப் பேசும்போது தலை குனியத்தான் வேண்டும்.

மலையகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், தோட்டத் துரையின் தயவிலே, ஓர் ஆசிரியர் நடத்திய தோட்டப் பாடசாலையிலே படித்தார்கள். 1977ஆம் ஆண்டு தொடக்கமே அப்பாடசாலைகளை அரசாங்கம் பெருந்தொகையாகப் பொறுப்பேற்றது. இலவசக் கல்வி வந்து முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று! அதன்பின் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர்களையே ஆசிரியர்களாக்கிப் பயிற்றினார்கள். அந்த மக்களின் பேச்சை, வாழ்க்கையை, லயத்து வீட்டை அறிந்த ஒருவர் வகுப்பிலே நின்றபோது பிள்ளை பாடசாலையிலே தங்கியது. அந்த வேலையைத் தொடங்கிவைக்க வெளிநாட்டார் வர வேண்டியிருந்தது. வடக்கும் கிழக்கும் அதற்கு முன் எத்தனை ஆசிரியர்களை அனுப்பின என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

கரையோர வேடரின் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். காட்டிலே எந்தத் தேன் எந்த மாதம், வாவியிலே எந்த மீன் எந்தக் காற்றுக்கு என்று அப்பிள்ளை அறியும். நம் பாடசாலையிலே அந்த அறிவுக்கு இடமில்லை. தன் பாட்டனைப் பற்றிப் பேசினால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அது வாயை மூடிக்கொள்கிறது. வாய் மூடிய பிள்ளைக்கு என்ன கற்பிக்க முடியும்?

அதிகாரம் யாரிடம்?

இது அரசியற் பத்திரிகை வாசிப்போர் நிறைந்த கூட்டம். ஆகவே அதிகாரத்தைப் பற்றியும் பேச வேண்டும். பதின்மூன்றாம் திருத்தம் கல்வியின் பெரும் பகுதியை மாகாணத்துக்குக் கொடுத்தது. தேசியப் பாடசாலைகளை மத்தி வைத்துக்கொண்டது. பாடத்திட்டம் வகுப்பது மத்தியின் வேலையேயாயினும், தேர்ந்த சில பாடங்களில், தேசிய கல்வி நிறுவகத்தின் ஒப்புதலோடு, மாகாணம் தன் மண்ணுக்கேற்ற மாற்றங்களைச் செய்துகொள்ள அதிலே இடம் வைக்கப்பட்டிருக்கிறது. கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஆனால் சற்றே திறந்திருக்கிறது. அந்த இடைவெளியால் நாம் எதை உள்ளே கொண்டுபோனோம்?

2008இல் கிழக்குக்குத் தனி மாகாண சபை தெரிவாயிற்று. 2017இல் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. தேர்தல் வேண்டுமென்று கேட்போம், கேட்க வேண்டும். அதிகாரம் கூடுதலாக வேண்டுமென்றும் கேட்போம். ஆனால், வந்த அதிகாரத்தால் என்ன செய்வீர்கள் என்று எவராவது திருப்பிக் கேட்டால், நம் கையிலே ஒரு திட்டம் இருக்க வேண்டாமா? பிள்ளைகளின் கணக்கு இல்லாத திட்டம் வெறும் தீர்மானம். தீர்மானங்களில் நாம் என்றுமே குறைவைத்ததில்லை.

நாம் செய்யக்கூடியவை

நான் கேட்பவை சிறியவை. ஒவ்வொன்றையும் இந்த ஆண்டே தொடங்கலாம்.

முதலாவது, ஒவ்வொரு பாடசாலையிலும் அந்த ஆசிரியை வைத்திருந்தது போன்ற ஒரு கொப்பி. வராத நாளும் காரணமும் எழுதப்பட வேண்டும். கிராமத்து விவசாயிகள் சங்கம் தன் விதைப்பு நாட்காட்டியை அதிபரிடம் கொடுக்கட்டும். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது, ஒரு சொற்பட்டியல். பாடசாலைக்கு வரும்போது ஐந்து வயதுப் பிள்ளை எந்தச் சொற்களைக் கொண்டுவருகிறது? தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் வேடர் குடியிருப்பிலும் ஆசிரியர்கள் கேட்டு எழுதட்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் நமக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் வளவிலே 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிதான் 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அவ்விரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இவ்வேலையைச் செய்தால், முதலாம் வகுப்பு வாசிப்பு நூலை நம் பிள்ளையின் வாய்ச்சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஏட்டுத் தமிழுக்கு அதன்பின் ஏணி வைக்கலாம்.

மூன்றாவது, ஆசிரியர் பரிமாற்றம். கணிதம் தெரிந்த முஸ்லிம் ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் தமிழ்ப் பாடசாலைக்கும், விஞ்ஞானம் தெரிந்த தமிழாசிரியர் முஸ்லிம் பாடசாலைக்கும் போகட்டும். அச்சம் சுற்றறிக்கையால் நீங்காது, பழக்கத்தால் நீங்கும். களத்திலே சேர்ந்து சூடு மிதித்த சமூகங்கள் வகுப்பறையிலே சேர முடியாதா?

நான்காவது, மொழி. நம் பிள்ளைக்குச் சிங்களம் கற்பிக்க நல்ல ஆசிரியர் தாருங்கள் என்று கேட்போம். அம்பாறையிலும் திருகோணமலையிலும் உள்ள சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க நம் இளைஞர்களை நாமே பயிற்றி அனுப்புவோம். இதை இரந்து நிற்பதாகச் சிலர் எண்ணலாம். தன் மொழியை மதிப்பவனே அதைப் பிறனுக்குக் கற்பிக்க முன்வருவான்.

ஐந்தாவது, படித்து உத்தியோகத்தில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையைப் பட்டணத்துக் கல்லூரியிலே சேர்த்தமைக்காக உங்களை நான் குறை கூறவில்லை. நீங்கள் எழுதப் படிக்கக் கற்ற அந்தப் பழைய கிராமப் பாடசாலைக்கு ஆண்டில் ஒரு நாள் போய், அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள எண்களை எண்ணத் தெரிந்தவர் நீங்கள். அவற்றை அதிகாரிக்கு விளங்கும் மொழியிலே எழுதத் தெரிந்தவரும் நீங்கள். எண் தெரிந்தவனும் மண் தெரிந்தவனும் ஒரு மேசையிலே அமராத வரையில் இந்த மாகாணத்துக் கல்வி உயராது.

பெரியோர்களே! அந்தப் படுவான்கரைப் பாடசாலைக்கு நான் மறுமுறை போனபோது ஆசிரியை மாற்றலாகிப் போயிருந்தார். கொப்பி எங்கே என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாண்டுக் கணக்கு, முப்பது நாற்பது பிள்ளைகளின் வாழ்க்கை, எங்கோ கறையானுக்கு இரையாகியிருக்கும். விதைநெல்லை அப்படிக் கறையானுக்கு விடும் வேளாண்மைக்காரர் இம்மண்டபத்திலே ஒருவரும் இருக்கமாட்டார்.

இனி எழுதப்படும் கொப்பியையாவது காப்பாற்றுவோம்.